பெயர் எழுதாத சுவர்

அக்டோபர் 12, ஞாயிறு

மழைநீர் வடிகால் வேலை தொண்ணூற்றைந்து சதவீதம் முடிந்துவிட்டதாம். மூன்றாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். போன வருஷமும் தொண்ணூற்றைந்துதான். மிச்சம் இருக்கிற ஐந்து எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் கடை வாசலில். காலையில் ஒரு பாட்டம் மழை பெய்தது, அதற்கே பலகை போட்டுத்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கல்லாவும் பேப்பரும்தான். இவர் ஆராதனைக்குப் போயிருக்கிறார். கோயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில். இங்கிருந்து சிலுவை தெரியும். லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கினால் பாட்டும் கேட்கும். இன்று பாடகர் வரிசையில் ஆல்ட்டோக் குரல் பாடுகிற புதுப் பெண் சுருதி தப்பினாள். நான் நின்று பாடிய இடம் அது.

போன வருஷம் ஆகஸ்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு லாரிக்கு நடுவில் நுழைந்து வந்த பைக்காரன் என்னைத் தூக்கி எறிந்தான். அதற்குப் பிறகு நான் ரோட்டைத் தாண்டவில்லை. காலுக்குள் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பை ஊன்றி வீடு, கடை, தெரு எல்லாம் நடக்கிறேன். ரோட்டோரத்துக்கு வந்தால் மட்டும் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

ஆட்டோவில் போகலாமே என்பார் இவர். எங்கேயோ போய் வளைந்து திரும்பி வர வேண்டும். கண்ணுக்கு எதிரே தெரிகிற கோயிலுக்கு ஆட்டோவில் போகிற சீமாட்டியா நான்? ஈஸ்டருக்கு ஒரு முறை அப்படிப் போனேன். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு "பாவம், பாவம்" என்றார்கள். போதும் என்றாகிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

மாமன்றக் கூட்டத்தில் வெளிநடப்பாம். கூட்டணிப் பேச்சு வார்த்தை சுமுகமாம். பால் விலை பற்றி ஒருவர் அறிக்கை, அந்த அறிக்கைக்கு இன்னொருவர் அறிக்கை. காலில் அடிபட்ட பிறகு நான்கு பேப்பர் படிக்கிறேன். நான்கிலும் எங்கள் ரோடு ஒரு நாளும் வருவதில்லை, யாராவது செத்தால் தவிர.

அக்டோபர் 23, வியாழன்

தேர்தலுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. அதற்குள் சுவர் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நகரத்துக்குள் சுவரில் எழுதக்கூடாது என்று சட்டம் உண்டு. அது பாட்டுக்கு இருக்கிறது, இவர்கள் பாட்டுக்குப் பிடிக்கிறார்கள். வெள்ளையடித்து, 'இந்தச் சுவர் இன்ன கட்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டால் போதும். வேறு கட்சிக்காரன் அதில் பிரஷ் வைக்க மாட்டான். வேறு எதிலும் காணாத ஒழுக்கம் சுவர் விஷயத்தில் மட்டும் இருக்கிறது.

எங்கள் கடையின் பக்கச் சுவர்தான் இந்த வட்டாரத்திலேயே நீளம். ரோட்டைப் பார்த்த மாதிரி நிற்கிறது. எண்ணூரிலிருந்து ராயபுரம் போகிற வண்டி எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் நெரிசலில் நின்று, நிதானமாக.

காலையில் வேலப்பன் வந்தார். ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர்.

"அண்ணே, வய்க்கம்போல செவுரு நம்மளுதுதானே?"

"அதுக்கென்ன, எழுதிக்கிடுங்க" என்றார் இவர்.

சாயங்காலம் ஜுபைர் வந்தார். அவர் எதிர்க்கட்சி. வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அரிசியும் எண்ணெயும் நம் கடையில்தான் எடுப்பார்.

"இந்தத் தபா நமக்கு வுட்ருங்கோ டென்னிஸ் அண்ணே."

"அதுக்கென்ன, எழுதிக்கிடுங்க."

அதே குரல், அதே சிரிப்பு. அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னா செவரு என்ன ரப்பரா, இழுத்து நீட்டதுக்கு?"

"கடைக்கு வந்தவங்ககிட்ட இல்லன்னு எப்பிடிட்டி சொல்லுதது?"

முப்பது வருஷமாக இதேதான். தூத்துக்குடியிலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்து இவர் வாயில் 'இல்லை' வந்ததில்லை. சரக்கு தீர்ந்துபோயிருந்தாலும் 'நாளைக்கு வந்துரும்' என்பார்.

அக்டோபர் 25, சனி

அறிவு வந்து சுவருக்கு வெள்ளையடித்தார். வியாசர்பாடிக்காரர், நம் வீட்டுக்கும் பெயின்ட் அடித்தவர். அடித்துக் காய்ந்ததும் கீழ்ப்பாதியில் முழ உயர எழுத்தில் 'இந்தச் சுவர் ஒதுக்கப்பட்டுள்ளது – 2026' என்று எழுதினார். மேலே கட்சிப் பெயருக்கு இடம் விட்டுவிட்டு, பிரஷ்ஷைக் கழுவாமல் கடைக்குள் வந்து நின்றார்.

"அக்கா, ஒரே பேஜாரா கீது. வேலப்பண்ணனும் என்னாண்டதான் சொல்லிக்கீறாரு, ஜுபைர் பாயும் என்னாண்டதான் சொல்லிக்கீறாரு. இதே செவுரு. மேல யார் பேரை எய்தறது?"

"அண்ணன்கிட்டக் கேளுங்க" என்றேன். அண்ணன் கிட்டங்கிக்குள் போய்ப் பருப்பு மூட்டையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அப்ப எழுதாதீங்க தம்பி. கூட்டணியே இன்னும் முடிவாகல. உங்களுக்கு என்ன அவசரம்?"

"தலையில்லாத முண்டம் கணக்கா இருக்குமேக்கா."

"இருக்கட்டும்."

அக்டோபர் 26, ஞாயிறு

சுவர் தயார். யாருக்கு என்று தெரியவில்லை. தமிழ்நாட்டு அரசியல் இன்றைக்கு இருக்கிற நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

நவம்பர் 3, திங்கள்

வேடிக்கையைக் கேள். வேலப்பன் வந்து ஒன்றும் வாங்காமல் நின்றார். கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து என் பக்கம் குனிந்தார்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்கோ. அவங்களுக்குக் குட்த்துட்டீங்களா?"

"யாருக்கும் குடுக்கல."

"பேரை எய்தாம வெச்சிகினுகீறாங்கன்னா எவனோ பெரிய ஆளு வர்றான்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? இந்தத் தெரு பூரா எல்இடி லைட் போட்டுக் குட்த்துட்றேன். செவுரு கைவுட்டுப் பூடக்கூடாது, மாவட்டச் செயலாளரு வந்து பார்க்கப்போறாரு."

அவர் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஜுபைர். அவருக்கும் அதே சந்தேகம், ஆள்தான் வேறு. ஆளுங்கட்சி பேரை மறைத்து வைத்து ஏதோ பண்ணுகிறதாம். "பஸ் ஸ்டாப்புக்கு நெயல்குடை போட்டுத் தர்றோம்க்கா."

பெயர் எழுதின சுவருக்கு இத்தனை வருஷமாக ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை இவர்கள். வெறும் சுவரைக் கண்டு பயப்படுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் என்ன நினைத்தேனோ, வாயில் வந்துவிட்டது.

"லைட்டும் வேண்டாம், குடையும் வேண்டாம். இந்த ரோட்டைத் தாண்ட ஒரு சிக்னல் கொண்டுவாங்க. யாரு கொண்டுவாறாங்களோ அவங்க பேரை மேல எழுதிக்கிடுங்க."

ஜுபைர் என் கம்பைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கிளம்பிப் போனார். வேலப்பனுக்குப் போன் போட்டு அதையே சொன்னேன். "அண்ணி, சிக்னல்லாம் ட்ராஃபிக் போலீஸ் மேட்டரு" என்றார். "அப்ப அவங்க பேரையே எழுதிருவோம்" என்றேன்.

நவம்பர் 5, புதன்

இவர் என்னோடு பேசவில்லை. கல்லாவிலிருந்து சில்லறை வேண்டும் என்றால்கூடக் கடைக்கு வந்தவர் வழியாகக் கேட்கிறார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"நாம பொழைக்க வந்தவங்கட்டி. ரெண்டு கச்சிக்காரனையும் பகைச்சிக்கிட்டு எங்க போய் வியாபாரம் பண்ணச் சொல்லுத?"

"வந்து முப்பது வருசமாச்சு. இன்னுமா வந்துக்கிட்டே இருக்கோம்?"

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு நேற்று ஆள் வந்தபோது சொந்த ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. இவராகவே தூத்துக்குடி என்று சொன்னார். ஓட்டு இங்கே, சம்பாத்தியம் இங்கே, என் கால் உடைந்ததும் இங்கே. கோபம் கோபமாக வருகிறது. எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று கேட்பது பகைக்கிற பேச்சா?

நவம்பர் 12, புதன்

அறிவைக் கூப்பிட்டு இரண்டாவது வரி எழுதச் சொன்னேன்: 'ரோட்டைத் தாண்ட சிக்னல் கொண்டுவரும் கட்சிக்கு.' மேலே பெயருக்கு விட்ட இடம் அப்படியே காலி.

அறிவு எழுதிக்கொண்டே சிரித்தார். "இந்த வரிக்குத் துட்டு வாணாங்கா. என் மாமியார் வூடு அந்தாண்டதான் கீது. கொயந்தைங்களை இட்டுகினு தாண்டறதுக்குள்ள உசிரு போய் உசிரு வரும்."

சுவர் ரோட்டைப் பார்த்து நிற்பதால் இந்தப் பக்கத்திலிருந்து சரியாகத் தெரிவதில்லை. எதிர்ப்பக்கம் நின்றால்தான் முழுசாகப் படிக்கலாம். டீக்கடை சொக்கம்மாளுக்குப் போன் போட்டேன். எதிர்ப்பக்கத்தில் அவள் கடை. அடிபடுவதற்கு முன்னால் தினம் பதினோரு மணிக்கு அங்கேதான் எனக்கு டீ. இப்போது இங்கிருந்து நானும் அங்கிருந்து அவளும் கையை ஆட்டிக்கொள்கிறோம்.

"எப்பிடி இருக்கு?"

"எய்த்து குண்டு குண்டா சோக்கா கீதுடி. நீயே இந்தாண்ட வந்து பாரேன்."

"சிக்னல் வரட்டும், வாரேன்."

"வந்தா மொத டீ என்னுது" என்றாள்.

நவம்பர் 22, சனி

பேப்பரில் வந்துவிட்டது! நகரச் செய்தியில், ஐந்தாம் பக்கம், கீழே. சுவர்ப் படம் பெரிதாக. 'உரிமையாளர் டென்னிஸ் கூறியதாவது' என்று ஒரு பத்தி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நிருபர் வந்தபோது கிட்டங்கிக்குள் இருந்தார். பேசினது முழுக்க நான். கடை பேரைக்கூட டென்னிஸ் ஸ்டோர் என்று போட்டிருக்கிறார்கள். வெளியே பலகையில் சுகிர்தம் ஸ்டோர்ஸ் என்று என் அப்பா எனக்கு வைத்த பேர் தொங்குகிறது.

இதில் நல்லது என்னவென்றால், இவர் மாறிவிட்டார். பதினைந்து பேப்பர் வாங்கி வந்து, சாமான் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் ஐந்தாம் பக்கத்தை விரித்துக் காட்டுகிறார். "நான்தான் சொன்னேன், சிக்னல் வந்தே ஆகணும்னு." எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சரி, யார் சொன்னால் என்ன.

டிசம்பர் 2, செவ்வாய்

விடாத மழை. தொண்ணூற்றைந்து சதவீதம் முழங்கால்வரை நிற்கிறது. சுவரில் எழுத்து அழியவில்லை என்று சொக்கம்மாள் போனில் சொன்னாள்.

டிசம்பர் 11, வியாழன்

இன்று ஒரு திருவிழா மாதிரி நடந்தது.

சிக்னல் தேவையா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பேப்பர்ச் செய்தி எங்கேயோ போய் இடித்திருக்கிறது. வருகிற தகவலை வேலப்பன் முந்தின நாளே சொல்லிவிட்டார். தெருவே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றது. இவர் அதிகாரிக்கு நாற்காலி போட்டு, மேலே கடைக் குடையைப் பிடிக்கச் சொல்லி, பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். ஜுபைர் தன் ஆட்கள் நான்கு பேரோடு ரோட்டில் இறங்கி லாரியை எல்லாம் கைகாட்டி நிறுத்தினார். வேலப்பன் விசில் ஊதினார். ஆட்டோக்காரர்கள் ஆட்டோவைக் குறுக்கே போட்டு வழி விட்டார்கள். வயசானவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டார்கள். கல்யாணப் பந்தியில் உட்காரப் போகிறவர்கள் மாதிரி ஜனங்கள் வரிசையாகப் போனார்கள், வந்தார்கள்.

சொக்கம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து வா வா என்று கத்தினாள். ஓரம்வரை போனேன். முடியவில்லை.

ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே ரோட்டில் ஒரே வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அதிகாரி போகும்போது இவர் கையைக் குலுக்கினார். வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. வேலப்பன் போனில் படித்துக் காட்டினார்.

'பொதுமக்கள் எவ்விதச் சிரமமும் இன்றிச் சாலையைக் கடக்கின்றனர். தற்போது சிக்னல் அவசியமில்லை.'

எவ்விதச் சிரமமும் இன்றி! ஐயோ, எங்களை மாதிரி முட்டாள்கள் உண்டா? அதிகாரி வருகிறார் என்றால் குப்பையை ஒளித்து வைத்துவிட்டுக் கோலம் போடுகிற ஜனங்கள். சாக்கடையைப் பார்க்க வந்தவர் கண்ணில் சாக்கடை படாமல் பலகை போட்டு மூடுவோம். அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். அந்த மனுஷன்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லையே. நாற்காலிக்குத் துணி விரித்ததே நான்தான்.

டிசம்பர் 25, வியாழன்

இவர் விடிகாலை ஆராதனைக்குப் போனார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகளுக்கு லீவு நாள் இல்லை. நடுநடுவே இரண்டு வரி கேட்டது. ஆல்ட்டோ இன்று சரியாகப் பாடினாள். நான் இல்லாமலே சரியாகிவிட்டது. அதற்குத்தான் அழுதேன், வேறொன்றுக்கும் இல்லை.

இவர் கேக் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா வரச் சொல்லுவோம்ட்டி" என்றார். வரச் சொல்லி? "இந்தத் தடவ நான் சோடா குடுக்க மாட்டேன்" என்றார். இவர் வாயிலிருந்து 'மாட்டேன்' வந்துவிட்டது! கர்த்தர் பிறந்த நாளில் நடந்த அற்புதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7, புதன்

வேலப்பனும் ஜுபைரும் ஒன்றாகப் போய்க் கேட்டார்களாம், இன்னொரு முறை பாருங்கள் என்று. ஒருவர் மட்டும் போனால் மற்றவர் பெயர் வாங்கிவிடுவார் என்ற பயம்தான். பயமோ பாசமோ, அதே அதிகாரி இன்று வந்தார்.

இந்த முறை நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யாரும் ரோட்டில் இறங்கக்கூடாது. விசில் கூடாது, ஆட்டோ கூடாது, நாற்காலி கூடாது. நாற்காலி கூடாது என்றதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

வெயிலில் வந்து நின்றார் அந்த மனுஷன். சுற்றிப் பார்த்தார். போன முறை குடை பிடித்த கூட்டம் எங்கே என்று யோசித்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"இங்க டீ எதாவது கிடைக்குமாம்மா?"

"டீக்கடை அந்தப் பக்கம் சார்."

போனார். ஓரத்தில் நின்றார். ஒரு காலை இறக்கினார், ஏற்றினார். ஒரு லாரி ஹாரன் அடித்ததில் கையிலிருந்த ஃபைல் விழப் பார்த்தது. லாரி நின்றது என்று நம்பி இறங்கினார். நடுவிலிருந்து பைக் ஒன்று அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. என் பக்கத்தில் நின்று இவர் துடித்துக்கொண்டிருந்தார். "பாவம்ட்டி, நான் போய்க் கூட்டிக் கொண்டு விட்டுட்டு வந்துருதேன்." கம்பின் வளைவை இவர் சட்டைக் காலரில் மாட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எப்படியோ நடுத்திட்டுக்குப் போய்விட்டார். அங்கே மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து சொக்கம்மாள் கத்தினாள்: "சார், டீ ஆறிப்பூடும்!"

கடைசியில் வேலப்பன் மனசு பொறுக்காமல் ஓடிப்போய் அழைத்து வந்தார். டீ குடிக்காமலே திரும்பினார். வியர்வையைத் துடைத்துவிட்டு என் கம்பைப் பார்த்தார்.

"நீங்க எப்படிம்மா தாண்டுறீங்க?"

"நான் தாண்டுறதில்ல சார். ஒரு வருசம் தாண்டியாச்சு, தாண்டி."

அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் இவரைச் சோடா உடைக்க விட்டேன்.

ஜனவரி 14, புதன்

போகிப் புகை. மணலி ஆலைப் புகை தினமும் வருவதுதான், இன்று வீட்டுப் புகையும் சேர்ந்துகொண்டது. பேப்பரில் கூட்டணிச் செய்தி நான்கு பக்கத்துக்கு. யார் யாரோடு என்று படித்து முடிப்பதற்குள் மாறிவிடுகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

தோண்டுகிறார்கள்!! சிக்னல் கம்பம் நடக் குழி தோண்டுகிறார்கள். வழக்கமாகத் தோண்டினால் திட்டுவேன். இன்று தோண்டுகிற ஆட்களுக்கு மோர் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கம்பம் நட்டு, விளக்கு மாட்டி, எரிய விட்டுப் பார்த்தும் ஆயிற்று. பார்த்த கையோடு சாக்குப்பையைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். திறப்பு விழா வேண்டுமாம்.

வேலப்பன் பெரிய ஆளின் தேதிக்காகக் காத்திருக்கிறார். ஜுபைர் 'சிக்னலை உடனே திறக்கக் கோரி' ஆர்ப்பாட்டம் என்று போஸ்டர் அடித்துவிட்டார். அறிவு பிரஷ்ஷும் டப்பாவுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"யார் பேருக்கா? ரெண்டு பேரும் நாங்கதான் கொண்டாந்தோம்ன்றாங்கோ."

"எரியட்டும் தம்பி. எரிஞ்ச பெறவு எழுதலாம்."

மார்ச் 5, வியாழன்

தேதி கிடைக்கவில்லை. சாக்கு அவிழவில்லை. கண்ணுக்கு முன்னால் சோற்றைப் போட்டு மூடி வைத்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி வந்துவிட்டது. இனி திறப்பு விழா கிடையாது, தேர்தல் முடிகிறவரை.

காலையிலேயே மாநகராட்சி ஆட்கள் வந்து சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். ஒதுக்கப்பட்டதும் போச்சு, சிக்னல் வரியும் போச்சு. வேலப்பன் முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். உங்க பெரிய ஆளுக்கு நல்ல நேரம் பார்த்து, மாலை பார்த்து, எங்க கால் தேஞ்சுபோச்சுய்யா! சொல்லவில்லை. அவரே பாதி செத்துப்போய் நின்றார்.

இவர் ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டார். தோற்றவன் நட்ட விளக்கை ஜெயித்தவன் எதற்கு எரியவிடப் போகிறான்? அப்படியும் ஆகுமோ?

மார்ச் 18, புதன்

சாக்கு காற்றில் ஆடுகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலை பத்து மணி இருக்கும். போக்குவரத்துப் போலீஸில் புதிதாக வந்திருக்கிற பெண், சட்டையில் எழில்மொழி என்று பேர், கடை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு ஸ்டூல் கிடைக்குமா?"

"அதுக்கென்ன" என்றார் இவர். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் ஸ்டூலைக் கம்பத்தடியில் போட்டு ஏறினாள். கயிற்றை அறுத்தாள். சாக்கு கீழே விழுந்தது. ஸ்டூலோடு ரோட்டைத் தாண்டிப்போய் அந்தப் பக்கத்துச் சாக்கையும் அறுத்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து எதையோ திருகினாள். சிவப்பு வந்தது.

நான் கம்பை எடுக்க மறந்து வாசலுக்கு வந்துவிட்டேன். "விதி இருக்கேம்மா, உனக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"மேல கேட்டுட்டுத்தான்மா வந்தேன். விழாதான் நடத்தக்கூடாது. விளக்கு எரியக்கூடாதுன்னு எதுலயும் இல்ல. பரீட்சைக்குப் புள்ளைங்க தாண்டிட்டிருக்காங்க."

அவ்வளவுதான். ரிப்பன் இல்லை, மைக் இல்லை, சால்வை இல்லை. வேலப்பன் டீக்கடைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஜுபைர் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டினால் விதி மீறலோ என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். அந்தப் பெண் சாக்கை மடித்து இவரிடம் கொடுத்தாள், கடைக்கு ஆகும் என்று. ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இன்று கல்லாவில் இவர்.

கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் வேண்டாம் என்றேன். மெரூன் புடவை கட்டிக்கொண்டேன். சிக்னல் கம்பத்தில் இருக்கிற பொத்தானை அழுத்திவிட்டு ஓரத்தில் நின்றேன். பச்சை வந்தது. நான் இறங்கவில்லை. போய்விட்டது. மறுபடியும் அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் இவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. மறுபடி பச்சை. இறங்கினேன்.

பாதி தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது சிவப்பு விழுந்துவிட்டது. பச்சை இன்னும் கொஞ்ச நேரம் எரிய வேண்டும். எழில்மொழியிடம் சொல்ல வேண்டும். ரோட்டு நடுவில், பக்கத்தில் மலை மாதிரி ஒரு கன்டெய்னர் லாரி. கால் ஒட்டிக்கொண்டது. மேலே பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போம்மா போ, மெதுவா போ என்று ஆட்டினான். பின்னால் வந்தவன் அடித்த ஹாரனுக்கு அவன் எட்டிப்பார்த்து ஏதோ திட்டினான். நான் நடந்தேன்.

சொக்கம்மாள் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, அயுவுற?" என்றாள். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள். முழுக்கக் குடித்தேன்.

டம்ளரோடு திரும்பி நின்று என் சுவரை, அறிவு எழுதின பிறகு முதல் தடவையாகப் பார்த்தேன். நீளமாக, வெள்ளையாக இருந்தது. மலிவுச் சுண்ணாம்பு, அறிவின் குண்டு எழுத்து அடியில் மங்கலாகத் தெரிந்தது. 'ஒதுக்கப்பட்டுள்ளது' படிக்க முடிந்தது. மேலே யார் பெயரும் இல்லை. அதன் அருகில், கல்லாவை விட்டுவிட்டு, வெயிலில் வெறுந்தலையோடு இவர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

கோயிலில் குருத்தோலை கொடுத்தார்கள். பாடகர் வரிசையில் அந்தப் புதுப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். முதல் பாட்டில் நானும் சுருதி தப்பினேன். இரண்டாவதில் சரியாகிவிட்டது.

திரும்பி வரும்போது சிவப்பு. பொத்தானை அழுத்திவிட்டு நின்றேன். என்னோடு ஐந்தாறு பேர், கையில் ஓலையோடு. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போகட்டும். அடுத்தது எங்கள் முறை.